எழுந்து போகும் பரிசோதனை

மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வாப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷம்?"

"ரெண்டு."

"ஒன்றரைக்கு முடி."

பல்கலைக்கழகத்தில் அப்படியெல்லாம் பேச முடியாது என்று விளக்கினேன். "கேட்டுப் பாத்தியா?" என்றார். கேட்டுப் பார்க்கவில்லை. சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்த மகனை வாப்பா ஏற இறங்கப் பார்த்தார். கிள்ளானில் துணி விற்றே வளர்ந்த குடும்பத்தில் இப்படி ஒருவன் எப்படிப் பிறந்தான் என்ற கவலை அந்தப் பார்வையில் இருந்தது.

படிப்பின் பெயர் காக்னிடிவ் நியூரோசைக்காலஜி. மூளையில் ஓர் இடம் அடிபட்டால் புத்தியில் எது போகிறது, எது தங்குகிறது என்று சோதித்துப் பார்க்கும் படிப்பு என்று அவருக்குப் புரியும்படி சொன்னேன். "அப்ப ஸ்டாக் எடுக்கிற வேலை" என்றார். ஒரு வாரத்தில் கிள்ளான் முழுக்க, "நம்ம நஜ்முதீன் மூளை டாக்டருக்குப் படிக்கிறான்" என்று பரவிவிட்டது. நான் டாக்டர் இல்லை, ஆகப்போவதும் இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை. நம் சரக்கை வாடிக்கையாளரே உசத்தியாகப் பேசும்போது குறுக்கே விழுந்து திருத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல் அறை எடுத்துக்கொண்டு, மல்லிகை வாசனையில் மூளையைப் படித்தேன். இது எண்பத்தாறில்.

மறுக்காமல் விட்ட அந்த டாக்டர் பட்டம்தான் என்னை மாட்டிவிட்டது.

பாவா மாமா என் உம்மாவின் தம்பி. கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானா தெருவில் அவருக்குத் துணிக்கடை. பேரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு கைலி வாங்க வந்தவர் அரை மணி நேரம் மல்லுக்கட்டி, மாமாவைத் தோற்கடித்த பெருமையில் மூன்று கைலி வாங்கிப் போவார். மாமா நெஞ்சில் கைவைத்து, "இன்னிக்கு என் கடையை மூடிட்டீங்க அண்ணே" என்று வழியனுப்புவார். அண்ணன் தெருமுனை திரும்பியதும் கடையில் எல்லோருக்கும் நுரை பொங்க தே தாரிக் டீ வரும்.

அந்த வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. சின்னதுதான். நெற்றிக்குப் பின்னால் ஒரு சிறு இடம் என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, பேச்சில் ஒரு குழறல்கூட இல்லை. உடம்பு தேறியதும் கடைக்குப் போய் முன்நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் வந்த அம்மா ஒரு மெல்லிய வாயில் ரகப் புடவையைக் காட்டி விலை கேட்டார்.

"எனக்கு எட்டு வெள்ளிக்கு வந்துச்சு. பத்துக்குத் தரேன். அதுக்கு மேல யாராச்சும் கேட்டா குடுத்துடாதீங்க."

அந்த அம்மா ஏதோ சூது என்று பயந்து புடவையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கடையில் கூட நின்ற மாமாவின் மகள் ஜெய்னம்புவுக்கு நெஞ்சே நின்றுவிட்டது.

"என்ன வாப்பா சொல்றீங்க?"

"விலை கேட்டாங்க. சொன்னேன்."

மத்தியானத்துக்குள் நாலைந்து பேருக்கு இப்படி விலை சொல்லிவிட்டார். ஜெய்னம்பு அவரைக் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அன்றிலிருந்து கடை அவள் கையில். இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து கடை பார்த்தாள். மாமா தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, "போலாமா?" என்று கேட்பார். அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்காலி வேண்டும்.

கடைசியில் மாமாவின் மனைவி ஹபீபா மாமி தீர்ப்பு சொன்னார். "வீட்டுல ஒரு மூளை டாக்டரை வச்சுக்கிட்டு நாம ஏன் அடிச்சுக்கணும்? நஜ்மு சோதிக்கட்டும். அவன் போலாம்னா போகட்டும், வேணாம்னா வேணாம்."

இதில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. இந்த மாதிரிச் சின்ன ஸ்ட்ரோக் வந்தவர்களைப் பற்றித்தான் என் ஆய்வு. அப்படி ஒரு நோயாளியைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நான் அலைந்துகொண்டிருக்க, அல்லா என் சொந்த மாமாவையே அனுப்பியிருந்தான். துஆ கேட்டுக்கொண்டே ஸ்டாப்வாட்ச்சுக்கு பேட்டரி மாற்றினேன்.

பரிசோதனைகள் எளிமையானவை. ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும்? படித்துக் காட்டிய சொற்களில் எத்தனை நினைவிருக்கிறது? மாமா கடகடவென்று கொட்டினார். ஆடு, மாடு, எருமை, புலி, முயல், பத்துமலையில் வாழைப்பழம் பிடுங்குகிற குரங்கு, அதன் குட்டி. நிமிஷம் முடிவதற்குள் நிறுத்தி, "அவ்வளவுதான். வேற தெரியாது" என்றார். இருபதைத் தாண்டியிருந்தது.

ஒருவருடைய மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே வயது, அதே தொழில், ஸ்ட்ரோக் வராத ஆட்களையும் சோதித்து ஒப்பிட வேண்டும். அதனால் பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் கடைத்தெருவில் இறங்கினேன்.

முதல் ஆள் நகைக்கடை கன்னையா. மாமாவுடைய வயசு, கல் போன்ற உடம்பு. "அங்கிள், ஒரு நிமிஷம் டைம். உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம் எல்லாம் சொல்லுங்க" என்று ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

"ஆடு" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "மாடு." மறுபடியும் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, "நாய்" என்றார். பிறகு பெரிய மனது பண்ணி, "சரி, பூனையும் வச்சுக்க" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மீதி நேரம் முழுவதும் இருவரும் ஸ்டாப்வாட்ச் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வட்டிக்கடை முத்துக்கருப்பன் செட்டியார், "கன்னையா எத்தனை சொன்னாரு?" என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்றேன். "சும்மா சொல்லு லா, வெளிய போவாது" என்றார். மறுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு மூன்றோடு நிறுத்தினார். மளிகைக்கடை சின்னையா ஐந்து சொன்னார். அதில் ஒன்று கத்தரிக்காய். நான் கவனிக்கிறேனா என்று பார்த்தாராம்.

தெரு முழுக்க இதே கதைதான். கூட்டிக் கழித்துப் பார்த்தால், மூளையில் அடிபட்ட மாமா ஒருவர்தான் தெளிவாக இருந்தார். அடிபடாத அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலையில் இருந்தார்கள்.

புத்தி உள்ளவன் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் நேரே மாமா வீட்டுக்கு ஓடினேன்.

"மாமி, மாமாதான் நம்பர் ஒன். கிள்ளான்லயே அவருக்கு மேல ஆள் இல்ல."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா, "அப்ப போலாமா?" என்றார். போகலாம் என்றேன். தீபாவளி வியாபாரம் தொடங்குகிற வாரத்தில் மாமா கடைக்குத் திரும்புவது என்று அங்கேயே முடிவாயிற்று. ஜெய்னம்பு மட்டும், "மச்சான், அப்புறம் ஏன் எட்டு வெள்ளிப் புடவையை எட்டு வெள்ளின்னு சொல்றாரு?" என்று கேட்டாள். படித்தவர்கள் பதில் தெரியாதபோது சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துவிட்டு வந்தேன். மாமா அன்று சாயங்காலமே முடிவெட்டிக்கொண்டு, இரண்டு வெள்ளைச் சட்டைகளுக்கு அளவு கொடுத்தாராம்.

என் ஆய்வு மேற்பார்வையாளர் டாக்டர் இந்திரா. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். என் எண்களைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் பார்த்தார்.

"நஜ்முதீன், உங்க மாமா ஒரு ஜீனியஸ். இல்லைன்னா கிள்ளான் மொத்தமும் பேஷண்ட். மூணாவதா ஒரு சான்ஸ் இருக்கு. டெஸ்ட் பண்ணின ஆள் சரியில்லை. நீங்க எது சொல்றீங்க?"

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். திரும்பப் போய் எல்லோரையும் மறுபடி சோதித்து வரச் சொன்னார்.

கன்னையாவிடமிருந்தே ஆரம்பித்தேன். அதே கேள்வி. ஆடு, மாடு, நாய், பூனை. எனக்கு வெறுத்துப்போய்விட்டது. வெயிலில் கிள்ளான் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவனுக்கு நாலு மிருகம். ஒன்றும் பேசாமல் தாளை மடித்தேன், பையை மூடினேன், எழுந்து வெளியே நடந்தேன். கடைக்கு வெளியே, கூரை போட்ட முன்நடையில் கால் வைத்திருப்பேன்.

"தம்பி! தம்பி! எங்க போறீங்க? வாங்க லா. உக்காருங்க. யானை இருக்கு."

நின்றேன்.

"புலி, சிங்கம், கரடி, எல்லாம் இருக்கு. ஒரு பேச்சுக்கு நாலு சொன்னா அப்படியேவா எந்திரிச்சுப் போறது? உங்க வாப்பா கடையில நீங்க ஒன்னும் கத்துக்கலியா?"

அந்த முன்நடையிலேயே என் காதிரண்டும் சூடேறின. துணி மூட்டைக்கு நடுவில் தவழ்ந்தவன் நான். முதல் தரத்து வேட்டியை எந்தக் கடைக்காரன் முதலில் எடுத்துப் போடுவான்? வந்தவன் முகத்தைப் பார்த்து, அவன் எழுந்து போகிறானா என்று பார்த்து, அப்புறம் அல்லவா உள் அலமாரியைத் திறப்பான்? ஊரே என்னிடம் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மட்டும் விஞ்ஞானம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். ஒவ்வொரு கடையிலும் முதலில் சொல்வதை எழுதிக்கொள்வேன். பிறகு உதட்டைப் பிதுக்குவேன். பையை மூடிக்கொண்டு வாசல்வரை நடப்பேன். கூப்பிடுவார்கள். வந்து உட்காருவேன். செட்டியாரிடம் இரண்டு முறை எழுந்து போக வேண்டியிருந்தது. இரண்டாவது முறை மாடு விற்கிற தொனியில், "எறும்புதின்னி தரேன், இதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். எல்லோருடைய கணக்கும் மூன்று மடங்கு, நாலு மடங்கு ஏறியது.

டாக்டர் இந்திரா நான் எழுதிக் கொடுத்ததைச் சத்தமாகப் படித்தார். "சோதிப்பவர் ஏமாற்றம் அடைந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வாசல்வரை செல்வார்." தலை நிமிர்ந்தார். "எல்லார்கிட்டயும் ஒரே அளவு ஏமாற்றமா?"

"ஒரே அளவுதான் மேடம். வீட்டுல கண்ணாடி முன்னாடி பிராக்டீஸ் பண்ணினேன்."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "இதே மாதிரி உங்க மாமாகிட்டயும் எழுந்து போனீங்களா?"

போகவில்லை. அதற்கு அவசியமே வரவில்லையே.

"போய்ப் பாருங்க" என்றார்.

மாமா வீட்டுக் கூடத்தில் தைத்து வந்த இரண்டு சட்டைகளும் மாட்டியிருந்தன. மறுபடி சோதனை என்றதும் மாமா சந்தோஷமாக உட்கார்ந்து, தெரிந்த மிருகங்களையெல்லாம் சொன்னார். "அவ்வளவுதான்" என்றார். நான் உதட்டைப் பிதுக்கினேன். பையை மூடினேன். எழுந்து வாசலுக்கு நடந்தேன்.

"குடையை எடுத்துக்க நஜ்மு. மழை வரும்போல இருக்கு."

வாசலில் நின்று செருப்பை மெதுவாக மாட்டினேன். கழற்றி மறுபடி மாட்டினேன். கன்னையாவாக இருந்தால் இதற்குள் ஒரு காண்டாமிருகமாவது வந்திருக்கும்.

"செருப்பு அந்துபோச்சா?" என்றார் மாமா. "என்னுதைப் போட்டுக்கிட்டுப் போ."

அவரிடம் உள் அலமாரி இல்லை. இருந்ததையெல்லாம் முதலிலேயே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். மற்ற அத்தனை பேரிடமும் இருக்கிற ஒன்று, ஒன்றைச் சொல்லி ஒன்றைப் பின்னால் வைத்துக்கொள்கிற அந்தச் சாமர்த்தியம், நெற்றிக்குப் பின்னால் அந்தச் சிறு இடத்தோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியின் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாதது என் செருப்பில் அகப்பட்டது. என் பட்டம் அந்த வாசற்படியிலேயே கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அரை நிமிஷம் ஆனந்தமாக இருந்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். மாமா அந்தச் சட்டைகளில் ஒன்றை எடுத்து, காலரில் இருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சொல்வதற்கு முன் பிரியாணியைப் பற்றிப் பேசினேன், டெங்கில் பக்கம் நிலம் விலை ஏறுவதைப் பற்றிப் பேசினேன். மாமாதான் நிறுத்தினார்.

"நஜ்மு, நான் போலாமா போகக் கூடாதா?"

"மாமா, உங்க புத்திக்கு ஒரு குறையும் இல்ல. ஞாபகம் நல்லா இருக்கு. ஆனா மனசுல ஒரு விலை, வாயில ஒரு விலை வைக்க இனிமே உங்களுக்கு வராது. முயற்சி பண்ணினாலும் வராதுன்னு நினைக்கிறேன்."

மாமா தலையாட்டினார். "ஆமா" என்றார். "வரல. பழைய பேச்சையெல்லாம் நினைச்சுப் பாக்குறேன். ஞாபகம் இருக்கு. வாயில வரல."

ஜெய்னம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் அவருடைய மகள். உடனே வேலைக்கு வந்தாள். "அப்ப கடைக்கு வேணாம் வாப்பா. தீபாவளி நேரம். கடை தாங்காது."

"அதெல்லாம் முடியாது" என்று மாமி குறுக்கிட்டார். "கடைக்குக் கூட்டிட்டுப் போ. காலையில போய் ராத்திரி வரட்டும். இங்க இருந்தா நான் ஆக்குற ஆணத்துல உப்பு கூடங்கறாரு. என் தங்கச்சிகிட்ட, நீ வந்தா எப்ப போவேன்னு இருக்குங்கறாரு. இருபத்தேழு வருஷமா இல்லாத உண்மையெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வருது. நான் தாங்க மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை மட்டும்" என்றாள் ஜெய்னம்பு. "பின்கட்டுல துணி மடிக்கட்டும்."

"வாரத்துல ஆறு நாள்."

"ரெண்டு நாள். பின்கட்டு."

பேரம் சூடு பிடித்தது. மாமி எதையும் குறைக்காமல் பெருமூச்சு விடுவதில் கெட்டிக்காரர். ஜெய்னம்பு மாமாவிடமே பாடம் படித்தவள். எனக்கே ஆர்வம் வந்து, நாலு நாளுக்கு முடிக்கலாம் என்று ஒரு தரகனின் யோசனையைச் சொன்னேன். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"தினமும் கடை திறக்கும்போது நான் இருக்கணும். மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் இருப்பேன். முன்நாற்காலி. விலை கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்."

ஜெய்னம்பு பழக்கதோஷத்தில் அதை ஆரம்ப விலையாக எடுத்துக்கொண்டாள். "தினமும் வேணாம் வாப்பா. மூணு நாள். முன்நாற்காலி தரேன், ஆனா விலை நான்தான் சொல்லுவேன்."

"தினமும். லுஹர் வரைக்கும். முன்நாற்காலி. உள்ளதைச் சொல்லுவேன்."

"சரி, அஞ்சு நாள்."

மாமா அதையே மறுபடி சொன்னார். குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஜெய்னம்பு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "அப்ப இது பேசி முடியாது. நான் கிளம்புறேன்" என்று எழுந்தாள்.

"பாத்து ஓட்டு" என்றார் மாமா.

கேட்வரைக்கும் போனாள். கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"மச்சான், இவரு நடிக்கிறாரா?"

"இல்ல."

"எவ்வளவு கேட்டாலும் இறங்க மாட்டாரா?"

"மாட்டாரு. அவர்கிட்ட ரெண்டாவது விலை கிடையாது. அதான் நோய்."

"இதுக்குப் பேரு நோயா?" என்று கேட்டுவிட்டு, அவள் மாமாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். எந்தக் கடையிலிருந்தும் எழுந்து போகலாம். பெற்ற வாப்பாவை விட்டு எங்கே போவது? அவள் முகத்தில் ஒவ்வொரு கணக்காக ஓடிப் பார்த்து ஓய்ந்தது. "லுஹர் வரைக்கும்தான்" என்றாள்.

"அதானே நான் கேட்டது" என்றார் மாமா.

என் ஆய்வேட்டில் மாமாவுக்கு இருப்பது 'குறைபாடு' என்று முப்பது இடத்திலாவது எழுதியிருந்தேன். அன்று பார்த்த பேரத்துக்குப் பிறகு அந்தச் சொல் உறுத்தியது. மாற்றலாம் என்றால் டைப் அடிக்கிற நல்லம்மாள் அக்கா பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று மறுபடி கேட்பார். அப்படியே விட்டுவிட்டேன்.

மாமா கடைக்குத் திரும்பிய காலையில், அவதானிக்கப் போகிறேன் என்று டாக்டர் இந்திராவிடம் சொல்லிவிட்டு நானும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். தெருவில் தீபாவளிக் கூட்டம். புது வெள்ளைச் சட்டையில் மாமா முன்நாற்காலியில். அவர் வாயையே பார்த்துக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் ஜெய்னம்பு.

தோட்டத்துப் பக்கமிருந்து வந்தவர்போல ஓர் அம்மா, சிவப்புச் சேலையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டார்.

"எனக்குப் பதினாலுக்கு வந்துச்சு. பதினாறு வெள்ளி."

"பன்னண்டுக்குக் குடுங்க."

"குடுத்தா எனக்கு ரெண்டு வெள்ளி நஷ்டம்."

அந்த அம்மா சேலையை வைத்துவிட்டு வெளியே நடந்தார். ஜெய்னம்பு பாய்ந்து எழுந்தாள். "விடு, அவங்களுக்கு வேணாம்" என்றார் மாமா. அந்த அம்மா பக்கத்துக் கடை வாசலில் நின்றார். திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. இரண்டடி நடந்தார், மறுபடி திரும்பினார். கடைசியில் தாமாகவே வந்து கடைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னாங்க பாய், ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிட மாட்டீங்களா?"

"நீங்க போறேன்னுதானே போனீங்க?"

அந்த அம்மா மாமாவை நிறைய நேரம் பார்த்தார். மாமாவும் அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் தேடினால் கிடைக்க ஒன்றும் இல்லை. அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சிவப்பைக் கட்டுங்க. அந்தப் பச்சை எவ்வளவு?"

"அது உங்களுக்கு நல்லா இருக்காது."

ஜெய்னம்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குன்னு யார் சொன்னா?" என்றார் அந்த அம்மா. "என் நாத்தனாருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லி, மாமா எழுந்து பச்சைச் சேலையை எடுத்து விரித்தார்.